கல்யாணத்தன்று மழை பெய்யும்

"உங்களுக்கென்ன டீச்சர், வாராவாரம் மலைக்கோட்டை ஏறுறீங்க!" 2023 ஆடியிலிருந்து அடுத்த தை வரைக்கும் இதை எத்தனை பேர் சொன்னார்கள் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள், நாத்தனார் சொன்னார், பால்காரர்கூடச் சொன்னார். ஒரு டாக்டரும் சொன்னார். எல்லாரும் பாராட்டாகத்தான் சொன்னார்கள் என்பதால் மறுக்கவும் வாய் வரவில்லை. உள்ளுக்குள் எனக்கே அது தைரியமாக இருந்தது. ஆறு மாதம் என்னை ஏமாற்றியது அந்தத் தைரியம்தான் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றிவிட்டுப் போய்விட்டால் பரவாயில்லை, போகமாட்டேன் என்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

மலைக்கோட்டைப் படிகளை நான் எண்ணியதில்லை. நானூற்றுச் சொச்சம் என்பார்கள். கீழே மாணிக்க விநாயகருக்குத் தலையில் குட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினால், தாயுமானவர் சந்நிதித் தளத்தில் நிற்காமல் நேரே உச்சிப்பிள்ளையாரிடம் போய்த்தான் மூச்சு விடுவேன். பதினோரு வருடப் பழக்கம். அந்த ஆடியில் ஒரு சனிக்கிழமை முதன்முறையாகத் தாயுமானவர் தளத்தில் உட்கார்ந்தேன். புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரம் புழுக்கம் இல்லை, மழைத் தூறல். அப்போதும் உட்கார்ந்தேன்.

வகுப்பறையில் நடந்தது இதைவிடச் சூட்சுமமானது. தமிழாசிரியர் நான். புதுச் செய்யுளை எடுத்தால் முதலில் ஒரு முறை நிறுத்தாமல் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பொருளுக்குப் போவேன். ஓசை காதில் விழாமல் பொருள் சொல்லி என்ன பயன்? அந்த வருடம் நாலாவது அடியிலேயே மூச்சு தீர்ந்துபோனது. ஐந்தாம் அடியிலிருந்து யாராவது ஒரு பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைமையாசிரியர்கூட அதை மெச்சினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புடவையைக்கூட மாற்றாமல் கூடத்துத் தரையில் படுத்துவிடுவேன். ராத்திரி படுத்தால் கால் குடைச்சல், அதை நீட்டி மடக்கிக்கொண்டே விடிந்துவிடும்.

காரணம் சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்! நாற்பத்துநாலு வயதாகிவிட்டது, மாதவிடாய் நிற்கப் போகிறது என்றார் ஒருவர். கோவிட் வந்துபோன உடம்பு என்றார் இன்னொருவர். மொபைல், கண்திருஷ்டி, பையன் பிளஸ் டூ படிக்கிற கவலை. என் கணவர் மட்டும் கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை டிராயரிலிருந்து எடுத்து என் விரலில் மாட்டினார். 99 காட்டியது. "பாரு, ஆக்சிஜன் ஃபுல்லா இருக்கு," என்றார். மூச்சு வாங்குகிறது என்று சொன்னதற்காக வெட்கப்பட்டேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். ஈசிஜி எடுத்தார், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 10.4. "நம்ம ஊர்ப் பெண்களுக்கு இது சகஜம். கீரை சேத்துக்குங்க," என்று சொல்லி பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார். நான் மலைக்கோட்டை ஏறுவதைக் கேட்டதும் அவரும் அதையே சொன்னார், உங்களுக்கென்ன என்று. நல்ல மனிதர், குறை சொல்ல வரவில்லை. வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கூத்து. மூச்சு வாங்குகிறது என்றால் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம் என முடிவு கட்டி, காலையில் நாற்பது நிமிட நடையைச் சேர்த்துக்கொண்டேன். அம்மா மண்டபம் வரை வேகமாகப் போய்த் திரும்புவேன். திரும்பும்போது நெஞ்சு படபடக்கும். வியர்வை, நல்லது, கொழுப்பு கரைகிறது.

அரிசி டப்பா

தை மாதம் பள்ளி ஆண்டு விழா ஒத்திகையின்போது மேடைப் படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழவில்லை, பிடித்துக்கொண்டேன். கூட வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் விடாப்பிடியாக அவளுக்குத் தெரிந்த ஒரு பொதுமருத்துவரிடம் கூட்டிப்போனாள். அறுபதை நெருங்கும் பெண்மணி. என் முகத்தைப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கைகளை விரிக்கச் சொல்லிப் பக்கத்தில் தன் கையை வைத்து ஒப்பிட்டார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பச்சரிசி மெல்லுற பழக்கம் உண்டா?"

நான் பதில் சொல்லுமுன் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்திருந்த என் கணவர் சிரித்துவிட்டார். "ராத்திரி அடுப்படில எலி கொறிக்கிற மாதிரி சத்தம் கேக்கும் டாக்டர்." மாதம் ரெண்டு கிலோ பச்சரிசி, பொங்கலும் செய்யாமல் கோலத்துக்கும் அரைக்காமல் தீர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பையிலும் ஒரு சின்ன டப்பா இருந்தது. பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கு ஏலக்காய் என்று சொல்லுவேன். முதல் மழை பெய்தால் மண் வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறும், வாசனையை ரசிக்கிற ரசனை இல்லை அது, பசி. சின்ன வயதில் கை அரிசித் தூக்குக்குப் போனாலே அம்மா அதட்டுவாள்: "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை பெய்யும்டீ." என் கல்யாணத்தன்று பெய்யத்தான் செய்தது. ஐப்பசியில் நாள் குறித்தால் பெய்யாமல் என்ன செய்யும்?

வெறும் கெட்ட பழக்கம் என்று நாற்பது வருடமாக நான் ஒளித்து வைத்திருந்தது நோயின் அடையாளம் என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. உடம்பில் இரும்பு குறைந்தால் சிலருக்கு அரிசி, சிலருக்குச் சாம்பல், திருநீறு, சிலேட்டுக்குச்சி, ஐஸ் கட்டி என்று சோறல்லாததன் மேல் ஆசை போகும். ஏன் என்பது முழுசாக விளங்கவில்லை என்றார் டாக்டர், ஆனால் கேட்டுப் பார்த்தால் நிறையப் பேர் ஆமாம் என்பார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு சட்டென்று புறநானூற்றின் இருபதாம் பாட்டு நினைவுக்கு வந்தது. சேரனைப் புகழும்போது புலவர் சொல்கிறார்: உன் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது. எம்.ஏ. படிக்கும்போது அந்தப் பாட்டு எனக்குத் தலைகீழ்ப் பாடம். மண் தின்னும் பெண்ணின் மயக்கத்தை அழகு என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்கு எவ்வளவு மூச்சு வாங்கியிருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அடுத்து, "சார் கொஞ்சம் வெளியே இருக்கட்டும்," என்றார். மாதவிலக்கு எப்படி என்று கேட்டார். நார்மல்தான் என்றேன். "நார்மல்னா?" என்று திரும்பக் கேட்டார். இந்தக் கேள்வியை வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எத்தனை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, வெளிர் நிறப் புடவை கட்டுவதுண்டா? பதில் சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. முதல் மூன்று நாளும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை. படுக்கையில் துண்டு மடித்துப் போட்டுக்கொள்வேன். அம்மாவுக்கும் அப்படித்தான், சித்திக்கும் அப்படித்தான், ஆகவே அது நார்மல். இன்னொன்றும் உறைத்தது: அந்த நாட்களில் சனிக்கிழமை வந்தால் கோவிலுக்குப் போகமாட்டேன். மிகவும் தளர்ந்திருக்கும் வாரங்களில் நான் படியே ஏறவில்லை, அதனால்தான் 'ஏறுகிறேன்' என்ற பெயர் அவ்வளவு நாள் நிலைத்தது.

குதிரும் பானையும்

ஹீமோகுளோபின் 9.1. ஃபெரிட்டின் 6. பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். பீரோவில் கிடந்தவற்றைத் தேடி மேஜையில் வரிசையாக வைத்தேன்: 2019இல் 12.8, 2021இல் 11.7, 2023இல் 10.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 'கொஞ்சம் கம்மி'. வரிசையாகப் பார்த்தால் யாரோ படியிறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபெரிட்டின் என்றால் சேமிப்பு என்றார் டாக்டர். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், அதனால் எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். குதிரில் நெல் காலியானாலும் அடுத்த சில நாளைக்குப் பானையில் சோறு இருக்கும். பானையை மட்டும் பார்த்தால் பஞ்சம் தெரியாது. ஹீமோகுளோபின் பானை, ஃபெரிட்டின் குதிர். 15க்குக் கீழே போனால் குதிர் காலி என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பில் வேறு அழற்சியோ காய்ச்சலோ இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும், அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டுமாம்.

ஆக்சிமீட்டர் ஏன் 99 காட்டியது என்று கணவர் விடாமல் கேட்டார். அதற்கு டாக்டர் சொன்னது சத்திரம் பஸ் ஸ்டாண்டு உதாரணம். ஹீமோகுளோபின்தான் பஸ், ஆக்சிஜன்தான் ஜனம். ஒவ்வொரு பஸ்ஸிலும் சீட்டெல்லாம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் அந்தக் கருவி பார்க்கும். ஸ்ரீரங்கத்துக்கு எத்தனை பஸ் விட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. பஸ் பாதியாகக் குறைந்துவிட்டால் இருக்கிற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழியும், கருவி 99 என்று சந்தோஷப்படும், ஜனம் ஸ்டாண்டிலேயே நிற்கும்.

சரி, இத்தனை குறைந்தும் நான் எப்படி ஏறிக்கொண்டிருந்தேன்? மெல்லக் குறைந்ததால். ஒரே நாளில் இவ்வளவு ரத்தம் போயிருந்தால் அன்றைக்கே படுத்திருப்பேன். வருடக்கணக்கில் குறையும்போது உடம்பு ஒத்துப்போகிறது. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது, இருக்கிற ரத்தமும் தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. பழகிய உடம்பு என்றால் இந்தச் சமாளிப்பு இன்னும் கொஞ்ச நாள் நடக்கும். ஓடி ஆடுகிறவர்களுக்கு நோய் வராது என்றில்லை, வந்தால் தாமதமாகத் தெரிகிறது. சோம்பேறியாக இருந்திருந்தால் மாடிப்படியிலேயே தெரிந்திருக்கும் என்று கணவர் ஒரு தத்துவம் சொன்னார். பதில் சொல்லவில்லை.

டாக்டர் அத்தோடு விடவில்லை. ராத்திரி மூச்சு திணறி எழுவதுண்டா, கால் வீங்குகிறதா, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வலிக்கிறதா, இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, மலத்தில் ரத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எக்கோ எடுத்தார், பி12 பார்த்தார். இரும்பு குறைவு என்று கண்டுபிடித்ததும் மற்றக் கதவுகளைச் சாத்திவிடக் கூடாது என்பது அவர் கட்சி. வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. அதைக் கேட்டதும் உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் 'எடுத்துப் போட்டுடு' என்றது தனிக் கதை. எடுக்கவில்லை, மருந்தில் கட்டுக்குள் இருக்கிறது என்று மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நீல மாத்திரை

இப்போது என்னைக் குடைகிற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறோம். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளது. வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகத் துப்பும் பிள்ளைகளைப் பிடிப்பது என் பொறுப்பு. "ரத்தம் ஊறணும்டி, அப்பத்தான் படிப்பு ஏறும்," என்று வருடக்கணக்காகப் பேசியிருக்கிறேன். பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஃபெரிட்டின் 6.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். பாதிக்கு மேல் இருக்கும் ஒன்றை 'சகஜம்' என்று சொல்லிவிட முடியும், அந்த டாக்டர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஊரில் பாதி வீட்டுக் கூரை ஒழுகினால் ஒழுகாத கூரைதான் விசித்திரமாகத் தெரியும். ஆண் ஒருவருக்கு 10.4 என்று ரிப்போர்ட் வந்திருந்தால், எங்கே ரத்தம் போகிறது என்று குடலுக்குள் கேமரா விட்டுத் தேடியிருப்பார்கள். தேடத்தான் வேண்டும், அது சரியான மருத்துவம். எனக்குக் கீரை.

கீரையையும் விட்டுவைப்பதற்கில்லை. வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை சமைக்கிற வீடு எங்களுடையது. கீரையில், தானியத்தில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது சின்னப் பங்குதான். அதையும் நான் எடுக்கவிடவில்லை: டிபன் முடிந்த கையோடு ஒரு டிகிரி காபி, பதினோரு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் இன்னொன்று, சாப்பாடானதும் டீ. காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு ஏற்றுக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஒவ்வொரு மில்லிலிட்டர் ரத்தத்தோடும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. மாதம் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகப்போக்கு என்பார்கள். கணக்கு டீச்சர் இதை ஸ்டாஃப் ரூம் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். வரவு எட்டணா, செலவு பத்தணா.

மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் போடச் சொன்னார் டாக்டர். இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து, போதும் போதும் என்று வாசலைச் சாத்துகிறதாம். அடுத்த நாள் போடுகிற மாத்திரை வாசலிலேயே நிற்கும். ஒரு நாள் இடைவெளி விட்டால் கூடுதலாக ஏறுகிறது என்று ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் காட்டியிருக்கிறார்கள். கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் சில மணி நேரம் அந்த ஹெப்சிடின் ஏறி நிற்குமாம். என் நாற்பது நிமிட நடையை நினைத்துக்கொண்டேன். எலுமிச்சைச் சாற்றோடு போட்டேன், காபியைத் தள்ளி வைத்தேன். மலம் கறுத்தது, மலச்சிக்கல் வந்து ஒரு பாடு படுத்தியது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பாதிப் பேர் அதனாலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, பையில் எதையோ தேடும்போது அந்தச் சின்ன டப்பா கையில் பட்டது. திறந்தேன். அரிசி அப்படியே இருந்தது. எப்போது தொட்டேன் என்று நினைவில்லை. மூச்சு சரியாக அதற்கப்புறமும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அரிசி ஆசை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எனக்கு அடுப்பு மண்ணுடீ," என்றாள். "உங்க பாட்டிக்குத் தெரியாம சுரண்டித் தின்பேன்."

இதை எழுதத் தொடங்கியதற்கு உடனடிக் காரணம் எங்கள் பி.இ.டி. சார். ஐம்பத்து மூன்று வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை. தினமும் மாலை பையன்களோடு வாலிபால் ஆடுவார். இரண்டு மாதம் முன்பு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, "டீச்சர், அந்த மாத்திரை பேர் என்ன? எனக்கும் ரெண்டு வாரமா மாடி ஏறினா மூச்சு வாங்குது. நின்னா சரியாயிடுது," என்றார். நான் பேனாவை எடுத்துக்கொண்டே சொன்னேன்: "உங்களுக்கென்ன சார், தினம் வாலிபால் ஆடுறீங்க!"

என் வாயிலிருந்துதான் வந்தது. கேட்டதும் கை நின்றுவிட்டது. மாத்திரை பெயரை எழுதவில்லை, டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தேன். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன், துளிகூட இல்லை என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதய நோய் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாக மட்டும் வரலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கு ஹீமோகுளோபின் 14.8. குதிரும் நிறைவு, பானையும் நிறைவு. டிரெட்மில் சோதனையை மூன்றாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். ஆஞ்சியோவில் இதயத்தின் முன்பக்கக் குழாயில் பெரிய அடைப்பு. அந்த வாரமே ஸ்டென்ட் வைத்தார்கள். நான் அன்று மாத்திரை பெயரை எழுதிக் கொடுத்திருந்தால் மலம் கறுப்பதைப் பார்த்துக்கொண்டு மருந்து வேலை செய்கிறது என்று இருந்திருப்பார்.

இப்போது மைதானத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் மட்டும் ஊதுகிறார். பந்தைத் தொட இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போனால் கையைத் தட்டிக் கூப்பிடுவார். "டீச்சர், அரிசி டப்பா எப்படி இருக்கு?"

"நிறைஞ்சிருக்கு சார்."